நடுவர் எங்கே நின்றார்?

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம். அடுப்பில் தேநீருக்கான தண்ணீர் கொதித்துக் கொண்டிருக்கிறது. திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய எந்தத் தெருவில் உங்கள் வீடு இருந்தாலும் சரி, அந்நேரத்தில் ஒரு கூச்சல் உங்கள் காதில் விழாமல் இராது.

"அவுட்!"

"இல்ல, உள்ளுக்கு வந்திட்டான்!"

"அம்பயர் என்ன சொல்றார்?"

கொஞ்ச நேரத்தில் உங்கள் மகன் வீட்டுக்குள் நுழைகிறான். துடுப்பைக் கதவு மூலையில் சாத்துகிறான் என்று சொல்ல முடியாது, எறிகிறான். தேநீர் வேண்டாமாம். என்ன மகன் என்று கேட்டால், "அம்பயர் கள்ளன், உம்மா" என்கிறான். நீங்கள் என்ன சொல்வீர்கள்? "விளையாட்டுத்தானே, விடு" என்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக் கொண்டிருந்தேன் சகோதரிகளே, அந்தக் 'கள்ள அம்பயர்' நானே ஆகும் வரைக்கும்!

நான் ஓர் ஆசிரியை. விளையாட்டுக்குப் பொறுப்பான ஆசிரியை அல்ல, தமிழ் கற்பிப்பவள். எங்கள் பாடசாலையில் இல்லங்களுக்கிடையிலான போட்டிகளில் பெண் பிள்ளைகளுக்கு மென்பந்து கிரிக்கெட்டும் வைத்தார்கள். மென்பந்து என்றால் உங்களுக்குத் தெரியும்: டென்னிஸ் பந்து. காலுக்குக் கவசம் வேண்டாம், தலைக்கு இரும்புக் கூண்டு வேண்டாம், பிள்ளைகளுக்கு அடிபடும் பயமும் குறைவு. ஆண் ஆசிரியர்களை உள்ளே விடாமல் பெண்கள் மட்டுமே நடத்திக் கொள்வதென்று முடிவாயிற்று. அப்படியானால் நடுவராக நிற்க இரண்டு ஆசிரியைகள் வேண்டும். "சும்மா நின்றால் போதும் டீச்சர், கை தூக்கத் தெரியுந்தானே" என்று சொல்லி என்னையும் இழுத்து விட்டார்கள்.

சும்மா நிற்பதா? அதில்தான் எல்லாம் இருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கச்சான் காற்று வீசும் மாதம். வெயில் என்றால் அப்படியொரு வெயில். துடுப்பாடும் பிள்ளைக்குப் பக்கவாட்டில், ஸ்குயர் லெக் என்கிறார்களே, அந்த இடத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். நின்றேன். ஆனால் சற்று முன்னே, ஆறு கஜம் தள்ளி, ஒரு வேம்பு நின்றது. அதன் நிழல் புல்லில் விழுந்து கிடந்தது. ஆறு கஜத்தில் என்ன வந்து விடப் போகிறது? நிழலுக்குள் போய் நின்று கொண்டேன்.

கடைசி ஓவர். வெல்ல இரண்டு ஓட்டங்கள் வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளையொருத்தி பந்தைத் தட்டி விட்டு ஓடினாள். ஒன்று முடிந்து, இரண்டாவதற்குத் திரும்பி ஓடி வந்தாள். எனக்கு அப்பால் இருந்த பக்கமாக ஓடி வந்து துடுப்பை நீட்டித் தரையில் வைத்தாள். விக்கெட் காப்பாளர் பந்தால் ஸ்டம்பைத் தட்டினாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கண்ணுக்கு, துடுப்பு கோட்டுக்கு இப்பால் நன்றாகவே குறைந்து நின்றது. சந்தேகமே இல்லை. கையைத் தூக்கினேன்.

"டீச்சர், நான் வந்திட்டேன்" என்றாள் பிள்ளை. அழவில்லை. வாதாடவுமில்லை. அதைச் சொல்லி விட்டு நடந்து போனாள். அடுத்த நாள் தொடக்கம் பயிற்சிக்கு வரவில்லை.

நான்கு நாட்கள் கழித்து அவளுடைய உம்மா என் வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் நெஞ்சைத் திடப்படுத்திக் கொண்டேன். அவரோ பாயில் அமர்ந்து, கொடுத்த தேநீரைக் குடித்து முடித்து, மெதுவாகக் கேட்டார்:

"குறையாக நினைக்காதீங்க டீச்சர். புள்ள பொய் சொல்ற புள்ள இல்ல. நீங்களும் பொய் சொல்ல மாட்டீங்க. அப்ப, நீங்க எங்க நின்று பார்த்தீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. வேப்ப மர நிழல் எனக்கு ஞாபகம் வந்தது.

என் மூத்த காக்கா இந்த ஊர்ப் போட்டிகளில் நெடுங்காலம் நடுவராக நின்றவர். கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர், 'பாதை'யில் ஏறிக் கடலைக் கடந்து போய் நடுவராக நின்று விட்டு, திரும்பப் பாதையைப் பிடிக்க ஓடி வந்த கதைகளெல்லாம் அவரிடம் உண்டு. அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார். "உன் கண்ணில் பிழையில்லை தங்கச்சி, காலில்தான் பிழை" என்றார். பிறகு என் அடுக்களையிலேயே அதைக் காட்டியும் தந்தார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். மேசையில் ஒரு கோப்பையை வையுங்கள். அதற்கு நேர் பின்னால், ஒரு சாண் தள்ளி இன்னொரு கோப்பையை வையுங்கள். நேராக நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் முன்கோப்பை பின்கோப்பையை மறைக்கும். இப்போது தலையை மட்டும் இடப்பக்கம் நகர்த்துங்கள். பின்கோப்பையும் இடப்பக்கம் நகர்ந்து எட்டிப் பார்க்கிறதல்லவா? கோப்பை நகரவில்லை. நகர்ந்தது நீங்கள்.

அன்று மைதானத்தில் நடந்ததும் இதுவேதான். சுண்ணாம்புக் கோடு காலில் மிதிபட்டு அழிந்திருந்தது. எனக்குக் கிட்டிய பக்கத்தில் ஒரு துண்டு மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. பிள்ளை துடுப்பை வைத்ததோ அந்தத் துண்டுக்கு ஐந்து அடி அப்பால். நான் கோட்டிலிருந்து ஆறு கஜம் முன்னே, 20 கஜ தூரத்தில் நின்றேன். காக்கா ஒரு பழைய கொப்பித் தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். 20 கஜத்துக்கு ஆறு கஜம் சாய்வு என்றால், ஐந்து அடிக்கு ஒன்றரை அடி சாய்வு. அதாவது, அந்தப் பிள்ளை கோட்டைத் தாண்டி ஓர் அடி உள்ளே வந்து துடுப்பை வைத்திருந்தாலும், நான் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் அவள் வெளியில் நிற்பதாகத்தான் தெரியும். நான் பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் பார்க்கக் கூடாத இடத்திலிருந்து பார்த்தேன்!

கடையில் பழைய தராசில் சீனி நிறுக்கும் போது நாம் என்ன செய்கிறோம்? முள்ளுக்கு நேரே போய் நின்று பார்க்கிறோம். பக்கத்தில் நின்று பார்த்தால் முள் ஒரு பக்கம் சாய்ந்தது போலத் தெரியும் என்பது நமக்குத் தெரியும். அரை றாத்தல் சீனிக்கு இருந்த கவனம் ஒரு பிள்ளையின் விஷயத்தில் எனக்கு இல்லாமற் போயிற்று.

நிற்க. மற்ற நடுவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பந்து வீசும் முனையில், ஸ்டம்புக்குப் பின்னால் நிற்கிறாரே, அவர். ஒரே ஒரு நடுவர் மட்டும் நிற்கும் தெருவோர ஆட்டங்களில் எதிர் முனையில் நடக்கும் ரன் அவுட்டையும் அவரே தீர்ப்பார். இதனால் வரும் சண்டைகளுக்குக் கணக்கே இல்லை. ஆடுகளத்தின் நீளம் 22 கஜம், அதாவது 66 அடி. அந்தத் தூரத்திலிருந்து, ஐந்தடி உயரத்திலுள்ள கண்ணால், நீளவாக்கில் பார்த்தால் தரையிலுள்ள இடைவெளிகள் சுருங்கி விடும். துடுப்புக்கும் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண், அதாவது ஒன்பது அங்குல இடைவெளி இருந்தாலும், அது அவருக்கு முக்கால் அங்குலத்துக்கும் குறைவாகவே தோன்றும். நீளமான பாயை அதன் முனையில் குந்தியிருந்து பார்த்தால் குட்டையாகத் தெரியும் அல்லவா, அப்படி. ஆகவே, முன்னிருந்து பார்ப்பவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்தத் தீர்ப்பை அவரால் சரியாகச் சொல்ல முடியாது. ஊகிக்கத்தான் முடியும்.

கிரிக்கெட் சட்டம் இதை நன்றாக அறிந்து வைத்திருக்கிறது. நடுவர் எங்கே நிற்க வேண்டும் என்று இத்தனை அடி, இத்தனை கஜம் என அது கணக்குச் சொல்வதில்லை. தாம் தீர்ப்புச் சொல்ல வேண்டி வரும் செயலை மிக நன்றாகப் பார்க்கக் கூடிய இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதன் முதல் விதி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். பந்து வீசுபவரின் ஓட்டத்தையோ துடுப்பாடுபவரின் பார்வையையோ மறைக்கக் கூடாது என்பதும் உண்டு. பக்கவாட்டில் நிற்கும் நடுவர் விரும்பினால் எதிர்ப் பக்கத்துக்கு, அதாவது ஓஃப் பக்கத்துக்கு மாறி நிற்கலாம். களத்தடுப்பு அணியின் தலைவருக்கும், துடுப்பாடுபவருக்கும், மற்ற நடுவருக்கும் சொல்லி விட்டால் போதும்.

இந்தக் கடைசிச் சலுகை எங்கள் ஊருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. திருகோணமலை நகரம் இரண்டு நீர்களுக்கு நடுவே கிடக்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். மாலையில் சூரியன் துறைமுகத்துப் பக்கம் இறங்கும். தண்ணீர் வேறு அந்த ஒளியைத் திருப்பி அடிக்கும். அந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கும் நடுவருக்கு நிழலுருவங்கள்தான் தெரியுமே தவிர, கோடு தெரியாது. அப்போது மறுபக்கம் மாறி நிற்பதுதான் முறை. ஆனால் நம் ஊர் நடுவர்கள் மாறுவதில்லை. கையைப் புருவத்துக்கு மேல் வைத்துக் கொண்டு நிற்பார்கள்! மாறினால், "அந்த அணிக்குச் சாய்ந்து விட்டார்" என்று யாரும் சொல்லி விடுவார்களோ என்ற பயம் என்கிறார் காக்கா.

பந்து வீசும் முனை நடுவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பந்து அடிக்கப்பட்டதும் அவர் ஸ்டம்புக்குப் பின்னால் மரம் போல நிற்கக் கூடாது. விரைந்து பக்கவாட்டுக்கு ஓடி, தம்முடைய முனையின் கோட்டுக்கு நேரே வந்து விட வேண்டும். எந்தப் பக்கம் ஓடுவது? பெரும்பாலும் பந்து போன பக்கம். அப்படிப் போனால் பந்தும் விக்கெட்டும் ஒரே பார்வையில் இருக்கும், எதற்கும் முதுகு காட்ட வேண்டி வராது. ஆனால் எறியப்படும் பந்தின் பாதையில் குறுக்கே நின்று விடவும் கூடாது. ஓடிக் கொண்டே பார்க்கவும் கூடாது. இடத்துக்குப் போய்ச் சேர முடியாவிட்டாலும், பந்து ஸ்டம்பில் படும் கணத்தில் காலும் தலையும் அசையாமல் நிற்க வேண்டும். ஓடும் பஸ்ஸிலிருந்து கடைப் பெயர்ப் பலகையை வாசித்துப் பார்த்தவர்களுக்கு ஏனென்று சொல்லத் தேவையில்லை.

மென்பந்து என்று நாம் சொல்வது டென்னிஸ் பந்துக் கிரிக்கெட்டை. உலகத்தில் 'சாஃப்ட்போல்' என்ற பெயரில் வேறொரு விளையாட்டு இருக்கிறது. பேஸ்போலின் தங்கை என்று சொல்லலாம். 1887இல் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் பெண்களுக்கான விளையாட்டாகச் சேர்த்தார்கள். இடையில் கைவிட்டு, 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் மீண்டும் வைத்த போது ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவை வென்றார்கள். நாற்சதுரமாக நான்கு தளங்கள், ஒரு தளத்துக்கும் அடுத்ததற்கும் 60 அடி. அடித்து விட்டு ஓட வேண்டும், பந்து வந்து சேருமுன் தளத்தை மிதிக்க வேண்டும். எங்கள் எல்லே விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

நடுவர் எங்கே நிற்பது என்பதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்கள் இவர்கள்தான். அவர்களுடைய பாடத்தின் முதல் வரி, தூரத்தை விடக் கோணம் முக்கியம் என்பது. நாம் நினைப்போம், கிட்டப் போய்ப் பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று. அவர்கள் இல்லை என்கிறார்கள். முதலாம் தளத்தில் ஓடி வருபவளின் காலா, எறிந்த பந்தா முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். நடுவர் சுமார் 15 முதல் 18 அடி தள்ளி, பந்து வரும் பாதைக்குச் செங்கோணமாக நிற்கிறார். மேலும் கிட்டப் போனால் காலைப் பார்க்கும் கண்ணுக்குப் பந்து தெரியாது, பந்தைப் பார்த்தால் கால் தெரியாது. சரி, அவ்வளவு தள்ளி நின்றாலும் இரண்டையும் ஒரே கணத்தில் எப்படிப் பார்ப்பது? பார்ப்பதில்லை! கண்ணைத் தளத்திலும் காலிலும் வைத்துக் கொண்டு, பந்து கையுறைக்குள் விழும் 'டப்' என்ற ஓசையைக் காதால் கேட்கிறார். காலுக்குக் கண், பந்துக்குக் காது. அடுப்பில் பாலைப் பார்த்துக் கொண்டே தொட்டிலில் பிள்ளையின் சத்தத்தைக் கவனிக்கும் நமக்கு இந்த வித்தை புதிதல்ல.

ஓடுபவளைப் பந்தால் தொட்டு வெளியேற்ற வேண்டிய நேரத்தில் மட்டும் சற்று நெருங்கிச் செல்வார். கையுறைக்கும் உடம்புக்கும் நடுவே உள்ள வெளிச்சம் தெரியும் பக்கத்தைத் தேடிப் போவார். தடுப்பவளின் முதுகுக்குப் பின்னால் அகப்பட்டுக் கொண்டால் எல்லாம் போயிற்று. பந்தடிப்பவளுக்குப் பின்னால் நிற்கும் தலைமை நடுவரோ, பந்து பிடிப்பவளின் தலைக்கு மேலாக எட்டிப் பார்ப்பதில்லை. அடிப்பவளுக்கும் பிடிப்பவளுக்கும் நடுவே உள்ள இடுக்கில் தலையை வைத்து, அசைக்காமல் பார்க்கிறார். பந்து உட்களத்துக்குள் அடிக்கப்பட்டால் தள நடுவர் வெளியே நிற்பார், வெளிக்களத்துக்குப் போனால் அவர் உள்ளே ஓடி வருவார். பந்து உள்ளே என்றால் நான் வெளியே, பந்து வெளியே என்றால் நான் உள்ளே. எங்கள் எல்லே நடுவர்களும் இதை எடுத்துக் கொள்ளலாம் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை பாடமும் இருந்தும் தவறு நேர்வதில்லையா? நேர்கிறது. 2010 ஜூன் 2ஆம் திகதி அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் ஒரு பேஸ்போல் ஆட்டம். அர்மாண்டோ கலராகா என்ற வெனிசுவேலா நாட்டு இளைஞர் பந்து வீசுகிறார். ஒரு முழு ஆட்டத்தில் எதிரணியின் 27 பேரையும், ஒருவரைக் கூடத் தளம் சேர விடாமல், வரிசையாக வெளியேற்றுவது அந்த விளையாட்டில் மிக மிக அரிய சாதனை. அவர் 26 பேரை வெளியேற்றி விட்டார். 27ஆவது ஆள் ஓடினார். பந்து முதலில் வந்து சேர்ந்தது. ஆனால் முதலாம் தள நடுவர் ஜிம் ஜோய்ஸ், வெளியேறவில்லை என்று கையை விரித்து விட்டார். அரங்கமே கொதித்தது. ஆட்டம் முடிந்து படத்தைப் போட்டுப் பார்த்த ஜோய்ஸ், அந்தப் பிள்ளைக்கு உரியதை நான் பறித்து விட்டேன் என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக் கொண்டார். கலராகாவிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார். கலராகாவோ அவரைக் கட்டியணைத்துக் கொண்டார். அடுத்த நாள் ஆட்டத்திலும் ஜோய்ஸ்தான் நடுவர். அணியின் பெயர்ப் பட்டியலைக் கொண்டு வந்து அவர் கையில் கொடுத்தவர் கலராகா! ஜோய்ஸ் மைதானத்திலேயே கண்ணீரைத் துடைத்துக் கொண்டார். தீர்ப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. அந்தச் சாதனை இன்றும் அவர் கணக்கில் இல்லை.

இதைப் படித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஜோய்ஸ் 24 மணி நேரத்துக்குள் செய்ததை நான் செய்யாமல் வாரங்கள் கடந்திருந்தன.

எங்கள் நாட்டுக்காரர் ஒருவரும் இப்படி அகப்பட்டார். 2019 ஜூலை 14ஆம் திகதி, லோர்ட்ஸ் மைதானத்தில் உலகக் கிண்ண இறுதியாட்டம். இங்கிலாந்துக்குக் கடைசி ஓவர். நியூசிலாந்தின் மார்ட்டின் கப்டில் எறிந்த பந்து, ஓடி வந்து பாய்ந்த பென் ஸ்டோக்ஸின் துடுப்பில் பட்டு எல்லைக் கோட்டுக்குப் போய் விட்டது. நடுவர் குமார் தர்மசேன ஆறு ஓட்டங்கள் கொடுத்தார். பந்து எறியப்பட்ட கணத்தில் துடுப்பாட்டக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருக்கவில்லை, ஆகவே சட்டப்படி ஐந்துதான். பின்னர் தர்மசேனவும் அது பிழையான தீர்ப்பு என்று ஏற்றுக் கொண்டார். இங்கே பிழை நின்ற இடத்தில் அல்ல. பந்து எறியும் கை ஓரிடத்தில், ஓடுபவர்கள் வேறோரிடத்தில். இரண்டையும் ஒரே கணத்தில் பார்க்க வேண்டும். மனிதக் கண் இரண்டுதான், அவையும் ஒரே பக்கம்தான் பார்க்கின்றன.

அதனால்தான் கமராவைக் கொண்டு வந்தார்கள். 1992 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பன் நகரில் நடந்த டெஸ்ட் போட்டியில், தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து முதன்முதலாக ரன் அவுட் கொடுக்கப்பட்டவர் சச்சின் டெண்டுல்கர். அந்தக் கமராக்களை எங்கே வைக்கிறார்கள் தெரியுமா? கோட்டுக்கு நேரே, பக்கவாட்டில். நான் நின்றிருக்க வேண்டிய அதே இடம்!

பெண்கள் இந்த வேலைக்குச் சரிப்படுவார்களா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2025இல் இந்தியாவிலும் இலங்கையிலுமாக நடந்த பெண்கள் உலகக் கிண்ணத்தில் நடுவர்கள் அனைவரும் பெண்களே. எங்கள் நாட்டு நிமாலி பெரேராவும், பங்களாதேஷின் சாதிரா ஜாகிர் ஜெஸியும், சென்னையைச் சேர்ந்த நாராயணன் ஜனனியும் அதில் இருந்தார்கள். ஜனனி கணினித் துறை வேலையை விட்டு விட்டு நடுவரானவர். 2023 ஜனவரியில், ஆண்கள் ஆடும் ரஞ்சிக் கிண்ணப் போட்டியிலேயே நடுவராக நின்றார்.

ஆனால் நம் வீட்டு உம்மாமாருக்கு நான் சொல்ல விரும்புவது பாகிஸ்தானின் சலீமா இம்தியாஸைப் பற்றி. அவருடைய மகள் கைனாத் இம்தியாஸ் பாகிஸ்தான் பெண்கள் அணிக்கு ஆடியவர். மகள் துடுப்பெடுத்தாட, தாய் 2008 முதல் நடுவராகப் பயின்று வந்தார். 2024 செப்டம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் சபையின் நடுவர் குழாமுக்குப் பெயரிடப்பட்ட முதல் பாகிஸ்தானியப் பெண் என்ற இடம் அவருக்குக் கிடைத்தது. மகள் ஓட வேண்டும், தாய் நின்று பார்க்க வேண்டும். நாற்பது, ஐம்பது வயதிலும் செய்யக் கூடிய வேலை இது. எங்கள் பெண் பிள்ளைகள் வலைப்பந்தோ எல்லேயோ மென்பந்தோ ஆடுவதற்கு எத்தனை வீடுகளில் தடை வருகிறது? "ஆம்பிளைகள் நடுவில் நிற்கிறார்களே" என்பதும் அதில் ஒரு காரணம். நாமே போய் நின்றால் அந்தக் காரணம் இல்லாமற் போகும். ஆனால் போகிறவர்கள் எங்கே நிற்பது என்று தெரிந்து கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் என்னைப் போல நிழலைத் தேடி நிற்போம்.

என் பாட்டுக்கு நான் சில வழக்கங்கள் வைத்துக் கொண்டேன். ஆட்டம் தொடங்குமுன் இரு பக்கக் கோடுகளையும் சுண்ணாம்பால் நீளமாக, ஆடுகளத்துக்கு வெளியேயும் நீட்டிப் போடச் சொல்வேன். கோட்டின் நேரே நான் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு சிரட்டையைக் கவிழ்த்து வைத்து விடுவேன், வெயிலென்றால் தலைக்குக் குடை, காலோ சிரட்டைக்குப் பக்கத்தில். ஸ்டம்ப் சாய்ந்தவுடன் கை தூக்க மாட்டேன். மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணி, பார்த்ததை மறுபடி ஒருமுறை நினைத்துப் பார்த்து விட்டுத்தான் சொல்வேன். தெரியாவிட்டால் மற்ற ஆசிரியையிடம் போய்க் கேட்பேன். பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள். இப்போது சிரட்டையை அவர்களே கொண்டு வந்து வைக்கிறார்கள்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். தாமதித்துத்தான் போனேன், அதை மறைக்க மாட்டேன். உம்மாவும் மகளும் முற்றத்தில் மிளகாய் காய வைத்துக் கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தையும், ஒன்றரை அடியையும் சொன்னேன். கொப்பித் தாளையும் காட்டினேன். மன்னிப்புக் கேட்டேன். பிள்ளை தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். "அப்ப நான் ஓர் அடி உள்ளுக்கு வந்திருப்பேன் டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது போலும்.

அவள் திரும்ப ஆட வரவில்லை. சாதாரண தரப் பரீட்சை நெருங்கி விட்டது, வாப்பாவுக்கும் விருப்பமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு இல்லப் போட்டிக்கு இரண்டாவது நடுவராக ஆள் கிடைக்காமல் நான் தவித்துக் கொண்டிருந்த போது, சிறிய வகுப்புப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு நிற்கிறேன் என்று அவளாகவே வந்தாள். உம்மா மைதானத்து மூலையில் பாய் விரித்து, தேநீர்ப் போத்தலோடு அமர்ந்திருந்தார். பின்னேரம் நாலரை மணி. துறைமுகத்துப் பக்கமிருந்து வெயில் சாய்ந்து வந்தது. இரண்டு ஓவர் முடிந்ததும் அவள் ஆட்டத்தை நிறுத்தி என்னிடம் ஓடி வந்தாள்.

"டீச்சர், வெளிச்சம் கண்ணுக்குள்ள அடிக்குது. கோடு தெரியல்ல. நான் அந்தப் பக்கம் மாறி நிற்கட்டா?"

இரண்டு அணித் தலைவிகளுக்கும் சொல்லி விட்டு, சிரட்டையை எடுத்துக் கொண்டு போய் மறுபக்கம் வைத்தாள்.